வாட்ச் எண்ணாத பத்து நாட்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. பல்லடம் பக்கம் ஊர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து நிம்மதி போனது. ராத்திரி 2 மணி, 3 மணிக்கு நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, வேர்த்துக் கொட்டி, விழிப்பு வந்துவிடுகிறது. வாட்சைப் பார்த்தால் இதயத் துடிப்பு 118. தூக்கத்துக்கு 43 மார்க். பகலெல்லாம் 'ஸ்ட்ரெஸ் அதிகம்' என்கிறது. எல்லாம் மகளின் போனிலும் தெரியும் என்பதால் பொழுது விடிந்ததும் "ஏம்மா நேத்து 43?" என்று கூப்பிடுகிறாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ள துடிப்பு பொங்கல் சமயத்தில் 74 இருந்தது, ஆடி பிறந்ததும் 88 ஆகிவிட்டது. எனக்கு இதய நோயா? மாமியார் "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுத் தண்ணி வாத்துக்கோ" என்கிறார். வீட்டுக்காரர் வாட்சைக் கழற்றி வீசச் சொல்கிறார். மெனோபாஸுக்கென்றே, அதாவது மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கென்றே, ஸ்மார்ட் மோதிரம் வந்திருக்கிறதாமே, அது இன்னும் சரியாகச் சொல்லுமா? ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா? மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வயசாகிறதல்லவா. மாதவிலக்கு இருபது நாளுக்கு ஒருமுறை வந்து பத்து நாள் இருக்கிறது, இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதானே. போன வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதால் அலைச்சலும் அதிகம்.

பதில்:

அம்மணி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வாட்சைப் பற்றிய கடிதமாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை படிக்கும்போது கடைசி வரிகளில் கண் நின்றுவிட்டது. இருபது நாளுக்கு ஒருமுறை, பத்து நாள். அதை அரை வரியில் சொல்லி, எல்லோருக்கும் உள்ளதுதானே என்று நீங்களே பதிலும் எழுதிவிட்டீர்கள். முப்பது வருடமாக மகளிர் மருத்துவம் பார்க்கிறேன். நம் பக்கத்துப் பெண்கள் எதிரே உட்கார்ந்து கால் வலி, இடுப்பு வலி எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து கதவுப் பக்கம் போகும்போது "அப்புறங் டாக்டர், கொஞ்சம் அதிகமாப் படுதுங்க" என்று சொல்வதைத்தான் நான் உற்றுக் கேட்கப் பழகியிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றி, கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களில் நாள் தள்ளிப் போவதும் முன்னால் வருவதும் சகஜம்தான். ஆனால் 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருவதும், ஒவ்வொரு முறையும் ஏழு நாளைத் தாண்டிப் போவதும் 'இந்த வயதில் அப்படித்தான்' என்று விட்டுவிடும் விஷயம் இல்லை. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது. இப்படி எத்தனை மாதம் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. பொங்கலிலிருந்து என்று வைத்துக்கொண்டாலும் ஆறு மாதம். உடம்பில் இருக்கும் இரும்புச் சத்து அதற்குத் தாங்காது. ரத்த சோகை வந்தால், இருக்கும் கொஞ்ச ரத்தத்தைக் கொண்டு உடம்பு முழுக்க ஆக்சிஜன் கொண்டுபோக இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். சும்மா இருக்கும்போதே துடிப்பு 74-லிருந்து 88 ஆனதற்கும், படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் எனக்கு முதலில் தோன்றும் காரணம் இதுதான். வயசு மேல் பழி போடாதீர்கள், 47 ஒரு வயதே இல்லை.

உங்கள் வாட்ச் அந்த 14 துடிப்பு ஏறியதைச் சரியாகப் பிடித்துவிட்டது. அதற்காக அதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஏன் ஏறியது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பத்து நாளை அது எண்ணவே இல்லை. நீங்களாகக் கை வைத்து ஆப்பில் குறித்தால் ஒழிய எண்ணவும் முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

இந்த வாரமே பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உங்களுக்குத் தெரிந்த மகளிர் மருத்துவரிடமோ போங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் பார்க்க வேண்டும். கர்ப்பம் தரிக்காத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்த சோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை என்று வந்திருக்கிறது. அதனால் உங்களுக்கும் இருந்தால் அது அபூர்வம் இல்லை, ஆனால் சகித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் வேர்வையும் தூக்கமின்மையும் வரும், மெனோபாஸ் மாதிரியே வேஷம் போடும். கூடவே ஒரு ஈசிஜி. அப்புறம் கர்ப்பப்பை ஸ்கேன். 45 வயதுக்கு மேல் இப்படி முறை தவறிப் பட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பச் சொல்வோம். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஃபைப்ராய்டு கட்டியோ ஹார்மோன் ஏற்ற இறக்கமோதான் காரணமாக இருக்கும். இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று பார்த்து முடிவுகட்டிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு போனாலோ, தலை சுற்றி விழப்பார்த்தாலோ தேதி பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே போக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஏன் இந்தத் தொல்லை, கர்ப்பப்பையை எடுத்துப் போடுங்க" என்று கேட்டுக்கொண்டு வரும் பெண்கள் நம் பக்கம் நிறைய. யாராவது அந்த யோசனையை முதல் நாளே சொன்னால், மாத்திரையும் ஹார்மோன் தடவிய காப்பர்-டி போன்ற சாதனமும் இருக்கிறதே, அதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சரி, இப்போது ராத்திரி 2 மணிக்கு வருவோம்.

நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று குபீரென்று சூடு ஏறி, வேர்த்து, அப்புறம் உடம்பு சில்லென்று ஆவது ஹாட் ஃப்ளாஷ். ஒன்றிரண்டு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம்வரை இருக்கும். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற இடம் உடம்பின் சூட்டைக் காவல் காக்கிறது. அயர்ன் பாக்ஸில் இருக்கும் தெர்மோஸ்டாட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரியாத பொருள் இல்லை. வேர்க்க வேண்டிய சூட்டுக்கும் நடுங்க வேண்டிய குளிருக்கும் நடுவே உடம்புக்கு ஒரு இடைவெளி உண்டு. மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடும். போர்வையின் சின்னச் சூட்டுக்கே 'எரிகிறது, எரிகிறது' என்று மூளை கட்டளை போடும். தோலுக்கு ரத்தம் பாயும், வேர்வை கொட்டும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஃப்ரீட்மன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். ஆக, மாமியார் சொல்லும் 'உடம்புச் சூடு' முழுக்கத் தப்பும் இல்லை. அவர் சொல்கிற எண்ணெய்க் குளியலும் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் எண்ணெய் அந்தத் தெர்மோஸ்டாட்வரை போகாது.

இதில் வாட்ச் எதைப் பார்க்கிறது? அதன் அடியில் பச்சை வெளிச்சம் மின்னுகிறதே, அதுதான் அதன் கண். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் மாறும், அதை எண்ணித்தான் துடிப்பு சொல்கிறது. கை ஆட்டத்தை அறிய ஒரு சென்சார், சில வாட்சுகளில் தோலின் சூட்டை அளக்க ஒன்று. அவ்வளவுதான். தூக்கம், ஸ்ட்ரெஸ், மார்க் எல்லாம் இந்த இரண்டு மூன்றை வைத்து அந்தந்த கம்பெனி தன் கணக்கில் ஊகித்துச் சொல்வது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஹாட் ஃப்ளாஷை அளக்க வேண்டுமானால் நெஞ்செலும்பின் மேல் இரண்டு சின்ன மின்வாய்களை ஒட்டி, வேர்வையால் தோலில் மின்சாரம் பாயும் அளவு எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அந்த வேர்வை நெஞ்சில் வருகிற மாதிரி மணிக்கட்டில் வருவதில்லை. அதனால் மணிக்கட்டில் கட்டியிருப்பது ஹாட் ஃப்ளாஷை நேரே பார்ப்பதில்லை, அதன் நிழலைப் பார்க்கிறது.

அந்த நிழலும் பல நேரம் குழப்பும். நீங்கள் அயர்ன் டேபிள் ஓரம் நின்றால் ஸ்டீமில் தோலின் சூடு ஏறும். ஆடிக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்து போட்டுப் படுத்தால் இறங்கும். போர்வைக்குள் கை இருந்தால் ஒரு அளவு, வெளியே இருந்தால் ஒரு அளவு. வளையல் தள்ளித் தள்ளி வாட்ச் லூசாகிப்போனால் துடிப்பே தப்பாக வரும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாதபடி, அதே சமயம் தடம் பதியாதபடி கட்டுங்கள். ராத்திரி மட்டும் அந்தக் கை வளையலைக் கழற்றி வையுங்கள். கழற்றக் கூடாது என்று வீட்டில் யோசித்தால் வாட்சை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அந்த 118? ஹாட் ஃப்ளாஷ் வரும்போது துடிப்பு ஏறுவது உண்மை. ஆனால் பெரும்பாலும் பத்து, பதினைந்துதான் ஏறும். ஏற்கெனவே 88-ல் இருக்கிறீர்கள், அதோடு 15. மீதி, திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, வாட்சைப் பார்த்து, அந்த எண்ணைப் பார்த்ததால் வந்ததாக இருக்கலாம். அடுத்த முறை விழிப்பு வந்தால் வாட்சைப் பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் குடித்து, மூச்சை மெதுவாக விட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் நல்லது. இறங்காமல் அப்படியே ஓடினாலோ, தாறுமாறாக அடிப்பது மாதிரி இருந்தாலோ ஈசிஜி எடுக்கும்போது மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்துவது, வலி தாடைக்கோ கைக்கோ பரவுவது, மயக்கம், படுத்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, இதில் எது வந்தாலும் வாட்ச் என்ன காட்டினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வாட்ச் 'நார்மல்' என்று காட்டினாலும் கூப்பிடுங்கள்.

43 மார்க்கை மறந்துவிடுங்கள். தூக்கத்தைச் சரியாக அளக்க மூளையின் மின்னலைகளைப் பார்க்க வேண்டும். வாட்ச் அதைப் பார்க்கவில்லை. அசையாமல் விழித்துக் கிடந்தால் தூங்கியதாக எழுதிக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது பிரித்துக் காட்டுவதில் நம்பகம் இன்னும் குறைவு. மார்க் குறைகிறதே என்ற கவலையே தூக்கத்தைக் கெடுப்பதை மருத்துவர்கள் பார்த்து, 2017-ல் அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மகளிடம் அன்பாகவே சொல்லுங்கள்: "கண்ணு, நீ வாங்கிக் கொடுத்தது நல்லதாச்சு, ஆனா காலைல மார்க் கேக்காதே, அம்மா எப்பிடி இருக்கேன்னு கேளு." ஆப்பில் அவளுக்குப் போகும் பகிர்வை நிறுத்தவும் வழி இருக்கிறது. உங்கள் மாதவிலக்கும் தூக்கமும் உங்களுடைய விவரம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாக வைத்திருக்கிறது. பெற்ற மகளானாலும் கம்பெனியானாலும் யாருக்கு எவ்வளவு காட்டுவது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

வாட்சில் நான் பார்க்க விரும்புவது மூன்றே விஷயம். சும்மா இருக்கும்போது உள்ள துடிப்பு வாரா வாரம் எப்படிப் போகிறது, எத்தனை மணிக்குப் படுத்து எழுந்தீர்கள், நடுவில் எத்தனை முறை எழுந்தீர்கள். ஒரு நாளின் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆறு வாரத்தின் போக்கு எனக்குப் பேசும்.

அதோடு நோட்டு வேண்டும். வாட்சைவிட நோட்டை நான் அதிகம் நம்புகிறேன், காரணம் சொல்கிறேன். கோபி பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார், இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். செல்போனே பட்டன் போன்தான். பால் சொசைட்டிக்கு ஊற்றிய கணக்கு எழுதும் சின்ன நோட்டை ஒருநாள் என் மேஜையில் வைத்தார். காலை 6 லிட்டர், மாலை 4 லிட்டர் என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பேனாவால் புள்ளிகள். வேர்த்துக் கொட்டிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. தூக்கம் கெடுத்தது என்றால் புள்ளியைச் சுற்றி வட்டம். ரத்தம் பட்ட நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. சில நாள் ஒன்பது புள்ளி. பொழுதோட பால் ஊற்றிவிட்டு வந்து கடுங்காப்பி குடித்த நாட்களில் வட்டம் அதிகம் என்று அவரே கண்டுபிடித்திருந்தார். சிகிச்சை ஆரம்பித்து எட்டாவது வாரம் அதே நோட்டில் ஒரு நாளுக்கு இரண்டு புள்ளிக்கு வந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

நீங்களும் அப்படியே எழுதுங்கள். செக்கிங்கில் பீஸ் கணக்கு எழுதிப் பழகிய கை உங்களுடையது, இது உங்களுக்குக் கஷ்டமே இல்லை. நேரம், எவ்வளவு கடுமை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். ரத்தம் பட்ட நாளும் எத்தனை நாப்கின் என்பதும் கட்டாயம். அப்புறம் வாட்சுக்கு எட்டவே எட்டாத சில விஷயங்கள் இருக்கின்றன, அவையும் அதில் வர வேண்டும்: காரணமில்லாமல் அழுகை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, சொல்ல வந்த வார்த்தை நாக்கில் நிற்காமல் போவது, மூட்டு வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, பிறப்புறுப்பில் வறட்சி, தாம்பத்தியத்தில் வலி. கடைசியில் சொன்னதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டுங்கள், போதும். அதற்குச் சுலபமான மருந்து இருக்கிறது. சொல்லாததாலேயே எத்தனையோ பேர் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

மோதிரம் வாங்க வேண்டாம். விரலில் போட்டாலும் மணிக்கட்டில் கட்டினாலும் பார்ப்பது அதே துடிப்பையும் சூட்டையும் அசைவையும்தான். அந்தக் காசில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடித்துக்கொள்ளலாம். ஆப்பில் 'அடுத்த மாதவிலக்கு இந்தத் தேதி' என்று வருவதையும் நம்ப வேண்டாம், போன மாதங்களை வைத்துத்தான் அது சொல்கிறது, உங்கள் மாதங்களே முறையாக இல்லையே. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளாதவராக இருந்தால் இந்த வயதிலும் கரு நிற்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹார்மோன் அளவு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். 45 வயது தாண்டியவருக்கு மெனோபாஸ் என்று சொல்ல அது தேவையில்லை. இன்று ஒரு அளவு, அடுத்த வாரம் வேறு அளவு என்று ஆடும்.

ஹார்மோன் சிகிச்சை பற்றி. ஹாட் ஃப்ளாஷுக்கு அதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு உலகமே அதைக் கண்டு பயந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம் என்பது இன்றைய நிலை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். உங்கள் விஷயத்தில் ரத்தப்போக்குக்குக் காரணம் தெரியாமல் ஒரு ஹார்மோன் மாத்திரைகூட ஆரம்பிக்கக் கூடாது. தோழி சாப்பிடுகிறாள் என்று மருந்துக்கடையில் வாங்கிவிடாதீர்கள். ஹார்மோன் ஒத்துவராதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் மனப் பயிற்சிகளும் இருக்கின்றன, அதை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்.

இந்த ஹாட் ஃப்ளாஷ் எத்தனை நாள் இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும். அமெரிக்கப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வு 2015-ல் சொன்ன கணக்கு, அடிக்கடி வருபவர்களுக்கு நடுத்தரமாக ஏழு வருடத்துக்கும் கொஞ்சம் மேல். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. மேற்கத்திய நாடுகளில் 51. நம் பெண்களுக்கு இது சீக்கிரமே ஆரம்பித்துவிடுகிறது, வேலையும் பொறுப்பும் உச்சத்தில் இருக்கும் வயதில். ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பெனியில் மேனேஜரிடம் கேட்டு, உங்கள் டேபிளை அயர்ன் பக்கத்திலிருந்து ஃபேன் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். கேட்டால் செய்துகொடுக்கும் சின்ன விஷயம். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால் காப்பி, டீயோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் வாட்சை வீச வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது அதையும் கட்டிக்கொண்டு போங்கள், ஆறு மாதத் துடிப்பின் வரைபடத்தை அந்த மருத்துவருக்குத் திறந்து காட்டுங்கள். ரத்த சோகைக்குச் சிகிச்சை எடுத்து 88 இறங்குகிறதா என்று பார்க்கவும் அது உதவும்.

உங்கள் அம்மாவின் இடுப்பெலும்பு முறிவையும் அங்கே சொல்ல வேண்டும். பெற்றவருக்கு அப்படி முறிந்திருந்தால் பிள்ளைக்கும் எலும்பு தேய்மானத்தின் ஆபத்து கூடுதல். மாதவிலக்கு நிற்கும் முன்னும் பின்னுமுள்ள சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகத் தேயும். அடுத்த முறை அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு எந்த வயதில் நின்றது, அதற்கு முன் அவருக்கும் இப்படிப் பத்துப் பத்து நாள் பட்டதா என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.